ஆஸ்டினில் இருந்து வந்த எறும்பு வீடியோ: ஒன்றுக்கே மூன்று பெயரா?

கோபிக்காரன்:
அக்கா பையன் டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் இருக்கிறான். போன வாரம் ராத்திரி வாசலில் டார்ச் அடித்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பினான். சின்ன எறும்புதான், நாலு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம், கருஞ்சிவப்பு நிறம். வேறொரு எறும்புப் புற்றுக்குள் புகுந்து வெள்ளை வெள்ளையாகப் புழுக்களைக் கவ்விக்கொண்டு வரிசை கலையாமல் திரும்புகின்றன. படை எறும்பு, பேர் நீவாமிர்மெக்ஸ் நைக்ரெசென்ஸ் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். தேடிப் பார்த்தால் ஒரு பழைய குறிப்பில் எசிட்டான் ஷ்மிட்டி, இன்னொன்றில் லாபிடஸ் நைக்ரெசென்ஸ். மூன்றும் ஒன்றா? படை எறும்பு என்றால் அமேசான் காட்டில் மட்டும் என்றல்லவா நினைத்திருந்தேன். அப்புறம் நம்ம தோப்பில் மழை விட்டதும் கறுப்பாகச் சாரை சாரையாகக் கரையான் பிடிக்கப் போகுமே, அதுவும் இதற்குச் சொந்தமா?

பூச்சிப்பித்தன்:
ஒன்றேதானுங்க. எல்லாக் குழப்பமும் ஆண் எறும்பால் வந்தது. அதற்கு றெக்கை உண்டு, விளக்கு வெளிச்சத்துக்குத் தானாக வந்து விழும், பார்க்கக் குளவி மாதிரி இருக்கும், வேலைக்கார எறும்பு பக்கத்தில் வைத்தாலும் சொந்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1872இல் கிரெசன் என்ற பூச்சி ஆய்வாளர் டெக்சாஸில் கிடைத்த ஆணை வைத்து லாபிடஸ் நைக்ரெசென்ஸ் என்று எழுதினார். 1894இல் எமெரி என்ற இன்னொரு ஆய்வாளர் கையில் இருந்தது வேலைக்கார எறும்பு, அவர் எசிட்டான் ஷ்மிட்டி என்றார். இரண்டும் ஒன்று என்று பிறகு தெரிந்ததும் முதலில் வைத்த நைக்ரெசென்ஸ் என்ற பேரே நிலைத்துவிட்டது. இந்த எறும்பு வகைக்குப் பொதுவாக இருந்த அகாமடஸ் என்ற முன்பேரும் ஏற்கெனவே வேறொரு பூச்சிக்குப் போயிருந்ததால், 1940இல் போர்க்மயர் நீவாமிர்மெக்ஸ் என்று வைத்தார்.

வர்ஜீனியா தொடங்கி கலிஃபோர்னியா வரை, வடக்கே அயோவா, தெற்கே மெக்சிகோ என்று பரவியிருக்கிறது. இத்தனைக்கும் ராணிக்கு றெக்கையே கிடையாது! கூட்டம் இரண்டாகப் பிரிந்து நடந்தேதான் போக வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஒரே இடத்தில் முட்டையிடும், அப்புறம் இரண்டு மூன்று வாரம் ராத்திரியில் குடிபெயர்ந்துகொண்டே இருக்கும்.

ஆனைமலையான்:
நம்ம ஊர்க் கறுப்புச் சாரை லெப்டோஜெனிஸ் என்ற எறும்பு வகையாக இருக்கும், அந்த வகையில் ஒன்றுக்கு ஊர்வலம் என்று பொருள்படும் பேரையே 1851இல் ஜெர்டன் வைத்திருக்கிறார். ஆனால் அது பொனரினே என்ற வேறு துணைக்குடும்பம், பழக்கம் மட்டும்தான் ஒன்று. உண்மையான சொந்தம் ஏனிக்டஸ் என்ற எறும்பும், நிலக்கடலைக் காட்டில் மண்ணுக்குள் இருந்து காயைக் குடையும் டோரிலஸும். முன்பு தனித்தனித் துணைக்குடும்பம் என்றார்கள். 2014இல் அமெரிக்கப் படை எறும்புகளையும் சேர்த்து எல்லாவற்றையும் டோரிலினே என்று ஒன்றாக்கிவிட்டார்கள்.

ஆனா வீடியோவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீங்க. டெக்சாஸில் லாபிடஸ் சீகஸ் என்றும் ஒன்று உண்டு, சிவந்து பளபளப்பாக, சிறிதும் பெரிதுமாகக் கலந்து வரும், பெரும்பாலும் மண்ணுக்கடியில்தான். லாபிடஸுக்குக் கால் நகத்தில் ஒரு பல் இருக்கும், நீவாமிர்மெக்ஸுக்கு இருக்காது. லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க.

கோபிக்காரன்:
சொன்னேனுங்க. "மாமா, நகத்தைப் பார்க்கிறதுக்குள்ள நாலு கொட்டு வாங்கிட்டேன்" என்கிறான்.