கரிசல் மண்ணில் தை முதல் சித்திரை வரை காய்கறி: குழி முறையா, பானை முறையா?

கேள்வி (முண்டுமிளகாய்)

அனைவருக்கும் வணக்கம். கமுதிக்கு அருகே, வீட்டை ஒட்டி எங்களுக்குப் பத்து சென்ட் கொல்லை இருக்கிறது. ஆழமான கரிசல் மண். கிணற்று நீர் உவர். குடிப்பதற்கே லாரித் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம். மழைக்காலத்தில் எப்படியாவது நாலு காய் கிடைத்துவிடுகிறது. தை பிறந்த பிறகு சித்திரை வரையில்தான் சந்தையை எதிர்பார்க்க வேண்டியுள்ளது. ஆப்பிரிக்காவின் சாஹேல் வறள்பகுதியில் குழி தோண்டி எருவிட்டு விதைக்கும் 'ஸாய்' முறையையும், மண்பானையைப் புதைத்து, அதில் ஊற்றிய நீர் சுவர் வழியே கசியும் ஈரத்தில் அதைச் சுற்றி நடும் முறையையும் காணொளிகளில் கண்டேன். எங்கள் மண்ணுக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (வட்டப்பாத்தி)

ஸாய் குழி புர்க்கினா ஃபாசோ போன்ற நாடுகளில் பயன் தருவதற்குக் காரணம் அங்குள்ள நிலத்தின் தன்மை. மேற்பரப்பு ஓடுபோல இறுகியிருப்பதால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடிவிடும். அதைத் தடுத்து நிறுத்துவதே குழியின் வேலை. தங்கள் கரிசலில் சிக்கலே வேறு. வெடிப்புகளின் வழியே முதல் மழையை அது குடித்துவிடும். பிறகு உப்பி, வெடிப்புகள் மூடிக்கொண்டால் நீர் கீழே இறங்க மறுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் குழிகள் குட்டைகளாகி வேரழுகலில்தான் முடியும். ஆகவே மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தி, மழை ஓய்ந்தபின் பானை என்பதே என் பரிந்துரை.

நீர்க்கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். பத்து சென்ட் ஏறத்தாழ 400 சதுர மீட்டர். வெயில் காலத்தில் நாளுக்கு 5 மி.மீ. வீதம் நிலம் முழுவதும் பாய்ச்சினால் 2,000 லிட்டர் வேண்டும். மாறாக, 50 பானைகளைப் புதைத்து, பானைக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் இறங்குவதாக வைத்துக்கொண்டால் 100 லிட்டர் போதும். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. 50 சதுர மீட்டர் கூரையில் 250 மி.மீ. மழை விழுந்தால், சேதாரம் போக 10,000 லிட்டர் தொட்டி நிரம்பும். அது நூறு நாளுக்கு வரும். லாரியைக் கூப்பிட வேண்டியதில்லை.

பானையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வாங்கியதும் நீர் நிரப்பி நிழலில் வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் வெளிப்புறம் முழுவதும் ஒரே சீராக வியர்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சொட்டினால் அங்கே விரிசல் இருக்கிறது. வியர்க்கவே இல்லையென்றால் அந்தப் பானை பாசனத்துக்கு ஆகாது. குடிநீரைக்கூட அது குளிர்விக்காது. வண்ணம் பூசிய அலங்காரப் பானைகளைத் தொடவே வேண்டாம்.

கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, சுற்றிலும் கட்டியில்லாத பொடிமண்ணை இட்டு அழுத்துங்கள். சிலர் வடிகாலுக்கென்று மணல் போடுகிறார்கள். பானைச் சுவரும் மண்ணும் ஒட்டியிருந்தால்தான் காய்ந்த மண் நீரை இழுக்கும் என்பதால், இடையில் மணல் வந்தால் அந்த இழுவை அறுபட்டுவிடும். கரிசல் வெடித்தாலும் இதே கதிதான். வெடிப்பு விடுவதற்கு முன்பே மேல்மண்ணைக் கொத்திவிட்டு, கடலைப் பொட்டையோ காய்ந்த சருகையோ தடிமனாக மூடாக்குப் போடுங்கள். பானை வாய்க்கு இறுக்கமான மூடி அவசியம். இல்லாவிட்டால் டெங்குக் கொசுவை வளர்த்த பெருமை நமக்கு வந்து சேரும்.

மறுமொழி (செவல்காடு)

குழியை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில், ஆழமில்லாத வட்டப்பாத்தியில் மட்கிய எருவிட்டு ஊன்றிய பூசணி நன்றாகவே காய்க்கிறது. கரிசலைப் பொறுத்தவரை முன்னவர் சொன்னது சரி. ஆனால் எல்லாப் பயிருக்கும் பானை வைப்பது வீண் செலவு. நீர் ஊற்றும் ஆள்வேலையும் உடைசலும் சேர்ந்தால் அது சிறிய தொகையல்ல. கொத்தவரையை மழை முடியும் தறுவாயில் விதைத்தால் மண்ணில் தங்கிய ஈரத்திலேயே பெரும்பாலும் தேறிவிடும். சுரை, பீர்க்கு, பாகல், கத்தரி ஆகியவற்றுக்குப் பானையை ஒதுக்குங்கள். மேற்பரப்பு முழுவதும் நனைய வேண்டிய கீரைக்கு இம்முறை ஒத்துவராது.

இன்னொன்று: மழை பெய்ததும் அதலைக்காய் தானாகவே கரிசலில் கொடியோடும். அதன் கிழங்கு வறட்சிக் காலம் முழுவதும் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். கொத்தும்போது அதைக் களையென்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். காசில்லாமல் கிடைக்கும் காய் அது.

கேள்வி (முண்டுமிளகாய்)

இருவருக்கும் நன்றி. தொட்டி கட்டும்வரை எங்கள் கிணற்று உவர்நீரைப் பானையில் ஊற்றலாமா?

மறுமொழி (உவர்க்கிணறு)

கட்டுப்பாட்டுடன் ஊற்றலாம். அரியானா மாநிலம் கர்னாலிலுள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் 1970-களிலேயே இதை ஆராய்ந்து, வழக்கமான பாசனத்துக்கு உதவாத உவர்நீரைக் கொண்டும் பானை முறையில் காய்கறி விளைவிக்க முடியும் என்று காட்டியது. பாத்தியில் பாய்ச்சும்போது ஒவ்வொரு முறை மண் காயும்போதும் வேரடியில் உப்பு செறிவடைகிறது. பானையைச் சுற்றி ஈரம் குறையாமல் இருப்பதால் அந்தச் செறிவு ஏறுவதில்லை; உப்பு ஈரவட்டத்தின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறது.

அதனால் செடியைப் பானையை ஒட்டியே நடுங்கள், விளிம்பில் நடாதீர்கள். நாற்றுப் பருவத்தில் மட்டும் நல்ல நீரே வேண்டும். கோடையில் சிறு தூறல் விழுந்தால் விளிம்பிலுள்ள உப்பு கரைந்து வேருக்குத் திரும்பும். எனவே மழை வந்துவிட்டதென்று பானையைக் காலியாக விடாதீர்கள். நாளடைவில் பானையின் நுண்துளைகளை உப்பு அடைத்துவிடும். பயிர் முடிந்ததும் தோண்டியெடுத்து, நல்ல நீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

எதற்கும் முன்பு, கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உவரின் அளவோடு சோடியத்தின் அளவையும் கேட்டு வாங்குங்கள். சோடியம் மிகுந்திருந்தால் கரிசலின் களிமண் கலைந்து இறுகிப்போகும். பிறகு பானையிலிருந்து வரும் நீரைக்கூட அது உள்வாங்காது. அப்படியானால் தொட்டி முடியும்வரை பத்துப் பானையோடு நிறுத்திக்கொண்டு, லாரித் தண்ணீரையே ஊற்றுங்கள்.