சங்கு ஊதினால் சண்டை இல்லை

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

கௌரி: சித்தப்பா, இங்கே சின்னவன் ஒரே அடம். மலை விளிம்பில் உட்கார்ந்து ஆட்டு மந்தையைக் காக்குமே, கண்ணை மறைக்கிற சிவப்பு முடியோடு ஒரு நாய், அந்தக் கார்ட்டூன் வேண்டுமாம். பேர் தெரியுமா?

சித்தப்பா: தெரியாமல் என்ன! நாய் சாம், ஓநாய் ரால்ஃப். வார்னர் பிரதர்ஸ் படங்கள். 1953இல் முதல் படம் வந்தது. 1963 வரை மொத்தமே ஏழுதான். கடைசியைத் தவிர மற்றதெல்லாம் சக் ஜோன்ஸ் இயக்கியது.

கார்த்தி: ரால்ஃப் என்றால் இன்னொரு கார்ட்டூனில் ரோடு ரன்னர் பறவையைத் துரத்துகிறவன்தானே?

சித்தப்பா: உருவம் அதே அச்சுதான்டா. மூக்கைப் பார். இவனுக்குச் சிவப்பு, துரத்துகிறவனுக்குக் கறுப்பு.

அத்தை: ஒரே அடிதடியாக இருக்குமே தம்பி, குழந்தைக்குக் காட்டலாமா?

சித்தப்பா: தாராளமாகக் காட்டலாம் அக்கா. ஆரம்பத்தைப் பாருங்கள். காலையில் இரண்டு பேரும் சாப்பாட்டுப் பெட்டியோடு சேர்ந்து வருவார்கள். மரத்தில் மாட்டியிருக்கிற கடிகாரத்தில் அட்டையைச் செருகி, வேலைக்கு வந்த நேரத்தைப் பஞ்ச் அடிப்பார்கள். "மார்னிங் சாம்", "மார்னிங் ரால்ஃப்". வேலை தொடங்குகிற ஆலைச் சங்கு ஊதிய பிறகுதான் ஒருவன் திருடன், ஒருவன் காவல்காரன். மதியச் சங்கு கேட்டால் சண்டை பாதியில் நின்றுவிடும், சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். இரவு ஷிப்டுக்கு வேறு ஆள். நான் மில்லில் ஷிப்ட் பார்த்தவன், எனக்கு அந்த இடம்தான் உயிர்.

கார்த்தி: ஆனால் அந்த நாய் ஆட்டை வளைத்து ஓட்டவே ஓட்டாதே? சும்மாவே உட்கார்ந்திருக்கும்.

சித்தப்பா: நல்லாக் கேட்டாய். வளைத்து ஓட்டுவது பார்டர் கோலி மாதிரி நாய்களின் வேலை. காவல் நாய் வேறு. ஐரோப்பாவில் பைரனீஸ் மலைப்பக்கம் பெரிய வெள்ளை நாய்கள் இருக்கின்றன. குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்ந்து, மந்தைக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். ஓநாய் வாடை அடித்தால் எழுந்து குரைத்துக் குறுக்கே நிற்கும். துரத்திக்கொண்டு வெகுதூரம் போனால் பின்னால் மந்தை அநாதையாகிவிடும் இல்லையா? சாமும் இடத்தை விட்டு நகர மாட்டான். ரால்ஃப் புதராக வருவான், ஆட்டுத் தோலைப் போர்த்திக்கொண்டு வருவான். கடைசியில் சாமின் கைதான் அவன் கழுத்தில் இருக்கும்.

அத்தை: பாவம், அந்த ஓநாய்க்கும் பசிக்கும் அல்லவா.

சித்தப்பா: அதனால்தான் ஒரு படத்தின் முடிவை மறக்கவே முடியவில்லை அக்கா. அன்று முழுக்க அடி வாங்கிய ரால்ஃபிடம் சாயங்காலம் சாம் சொல்வான்: ரொம்ப உழைத்துவிட்டாய், நாளைக்கு லீவு எடுத்துக்கொள், இரண்டு வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று. ரால்ஃபும் நன்றி சொல்லிவிட்டுப் போவான். இதை எழுதியவருக்குக் கூட வேலை பார்க்கிற மனுஷனின் அருமை தெரிந்திருக்கிறது.

கௌரி: கேட்கவே நன்றாக இருக்கிறது சித்தப்பா. அதையே முதலில் போட்டுக் காட்டுகிறேன்.

சித்தப்பா: போடு ம்மா. டிவியில் சத்தத்தை நன்றாக வை, சங்கு கேட்க வேண்டும்.