கார் ஒலியமைப்பில் ‘ஸ்பீக்கர்’, ‘ஆம்ப்ளிஃபையர்’, ‘எர்த்’ ஆகியவற்றுக்கான சொற்கள்

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பழைய கார்களில் ஸ்டீரியோவையும் ஸ்பீக்கர்களையும் மாற்றிப் பொருத்துவதற்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். படங்களும் செய்முறையும் ஏறக்குறைய முடிந்துவிட்டன, சொற்பட்டியல்தான் நிற்கிறது. ஸ்பீக்கருக்கு ‘ஒலிபெருக்கி’ என்றும் ஆம்ப்ளிஃபையருக்குப் ‘பெருக்கி’ என்றும் வழங்குவதை ஒட்டி எழுதத் தொடங்கினேன். ‘பெருக்கியிலிருந்து வரும் கம்பிகளை ஒலிபெருக்கியில் இணைக்கவும்’ என்ற வரிக்கு வந்தபோது, எது எதைப் பெருக்குகிறது என்று படிப்பவர் கேட்டால் என்ன சொல்வது என்ற தயக்கம் எழுந்தது.

ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. காந்தத்தின் இடைவெளியில் நிற்கும் கம்பிச்சுருள், தன்னுள் பாயும் மின்னோட்டத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் அசைந்து, தன்னோடு ஒட்டிய கூம்பையும் அசைத்துக் காற்றில் அலை எழுப்புகிறது. அதற்குக் கொடுக்கும் மின்திறனில் மிகச் சிறிய பங்கே ஒலியாகிறது. எஞ்சியது வெப்பமாகப் போய்விடுகிறது. பெருக்குவது ஆம்ப்ளிஃபையர் மட்டுமே. இது வெறும் இலக்கணக் கவலையன்று. ‘ஒலிபெருக்கி’ என்ற பெயரை நம்புகிறவர், பெட்டியின் மேல் 300 வாட் என்று அச்சிட்ட ஸ்பீக்கரை வாங்கிப் பழைய ஸ்டீரியோவிலேயே மாட்டிவிட்டு, ஒலி ஏன் பெருகவில்லை என்று திகைக்கிறார். சில வேளைகளில் முன்பைவிடக் குறைந்தே கேட்கிறது.

‘வாட்’ என்ற அலகு இரண்டு கருவிகளின் மேலும் இரு வேறு பொருளில் அச்சிடப்படுவதே இதற்குக் காரணம். ஆம்ப்ளிஃபையரின் மேல் இருப்பது அது தரக்கூடிய திறன். ஸ்பீக்கரின் மேல் இருப்பது அது எரிந்துபோகாமல் தாங்கக்கூடிய திறன். ஆகவே முன்னதைத் ‘தருதிறன்’ என்றும் பின்னதைத் ‘தாங்குதிறன்’ என்றும் பிரித்து எழுதலாம் என்பது என் முன்மொழிவு.

இதனோடு சேர்ந்து, வாட் எண்ணின் பக்கத்தில் ‘ஆர்எம்எஸ்’ (RMS) என்ற சுருக்கம் வருகிறது. அதன் விரிவான ‘இருபடிச் சராசரி மூலம்’ என்ற கணிதச் சொல் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உரியது; அதைத் திறனோடு ஒட்டிச் சொல்வது விற்பனை வழக்கேயன்றி இயற்பியல் அன்று. வாங்குபவர் அறிய வேண்டியது தொடர்ந்து தரும் திறன் எவ்வளவு என்பதே. எனவே ‘தொடர்திறன்’, அதற்கு எதிர்நிலையில் ‘உச்சத்திறன்’ என்பன போதும். கணக்கிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டை முழுமையாகப் பயன்படுத்தி, 4 ஓம் ஸ்பீக்கருக்குத் திரிபில்லாத சைன் அலையாகக் கொடுத்தால், ஏறத்தாழ 26 வாட் என்பதே கோட்பாட்டளவிலான எல்லை. நடைமுறை இழப்புகள் போனால் அதுவும் குறையும். அதே மின்னழுத்தத்தில் அலையை முற்றிலும் சிதைத்துச் சதுர அலையாக்கினால் 52 வாட் அளவுக்கு வருகிறது. ஸ்டீரியோப் பெட்டிகளின் மேல் வழக்கமாகக் காணப்படும் ‘50 வாட் × 4’ என்பது இந்த இரண்டாவது கணக்கோடுதான் ஒத்துப்போகிறது. கேட்கத் தகாத ஒலியின் அளவை எவரும் பெருமையாக அச்சிடுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

ஸ்பீக்கரின் ‘சென்சிடிவிட்டி’க்கு ‘உணர்திறன்’ என்று எழுதினால் அது உணரியைக் குறிப்பதாகத் தோன்றுகிறது. மேலும் ‘திறன்’ என்ற ஈறு வாட் கணக்கோடு மயங்குகிறது. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் கிடைக்கிறது என்பதே அந்த அளவு என்பதால், வகுத்தலின் விடையைக் குறிக்கும் ‘ஈவு’ என்ற சொல்லை எடுத்து ‘ஒலியீவு’ எனலாம். 86 டெசிபல் ஒலியீவு உடைய ஸ்பீக்கர், 92 டெசிபல் உடையதற்கு இணையாக ஒலிக்க நான்கு மடங்கு திறன் வேண்டும். தனி ஆம்ப்ளிஃபையர் வைக்க விரும்பாத பழைய கார் உரிமையாளர் தாங்குதிறனைவிட இந்த எண்ணையே முதலில் பார்க்க வேண்டும்.

இனி ஸ்பீக்கருக்கே வருகிறேன். ‘ஒலிப்பான்’ இயல்பாகத் தோன்றினாலும், வாகனத்தில் அது ஹார்னுக்கு வழங்கும் சொல். ‘ஒலியெழுப்பி’ என்றாலும் ஹார்னே நினைவுக்கு வரும். ‘ஒலிபரப்பி’ வானொலி நிலையத்துக்குப் போய்விடுகிறது. மைக்குக்கு ‘ஒலிவாங்கி’ நிலைபெற்றுவிட்டதால், அதன் இணையாக ‘ஒலிவழங்கி’ என்று முன்வைக்கிறேன்: ஒன்று காற்றிலிருந்து வாங்குகிறது, மற்றொன்று காற்றுக்கு வழங்குகிறது.

மிகுந்த கவனம் வேண்டுவது ‘எர்த்’. ‘புவியிணைப்பு’ என்பது வீட்டு மின்னிணைப்புக்குப் பொருந்தும். ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கும் காரில் புவியோடு எந்த இணைப்பும் இல்லை, பேட்டரியின் ஒரு முனையோடு பிணைந்த உலோக உடலே உண்டு. ‘எதிர்முனை’ என்று எழுதிவிடவும் முடியாது; 1960களின் இடைப்பகுதி வரை வந்த பல பிரித்தானியக் கார்களில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது, அத்தகைய காரில் இன்றைய ஸ்டீரியோவை அப்படியே பொருத்தினால் கருவி கெடும். பழைய கார்கள் சிலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனையும் உடலோடு தொடுக்கப்பட்டிருக்கும். இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கருக்குச் செல்லும் இரு கம்பிகளும் மின்னலையைச் சுமப்பவை. எதுவும் உடலைத் தொடக்கூடாது. பழைய கம்பிகளை அப்படியே பயன்படுத்தினால் வெளியீட்டுச் சுற்று எரியக்கூடும். ஆகவே ‘உடலிணைப்பு’ என்று எழுத எண்ணுகிறேன்.

மற்றவை எளியவை. ஸ்டீரியோவின் மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் பெறுவதால் ‘நிலைமின் கம்பி’. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் பெறுவதால் ‘சாவிமின் கம்பி’. இவ்விரண்டும் இடம் மாறினால், சாவியை எடுக்கும்போதெல்லாம் பதிந்துவைத்த நிலையங்கள் மறைந்துபோகும். ஸ்டீரியோப் பெட்டியைக் குறிக்கும் ‘ஹெட் யூனிட்’டுக்குத் ‘தலைமை அலகு’ என்று எவரும் எழுதாதிருந்தால் மகிழ்வேன். முகப்புப் பலகையில் அமர்வது ‘முகப்புக்கருவி’. அது அமரும் 180 × 50 மில்லிமீட்டர் துளையின் ‘டின்’ என்ற பெயர் ஜெர்மானியத் தர நிறுவனத்தின் சுருக்கம் என்பதால் அவ்வாறே இருக்கட்டும்.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

—

மறுமொழி

வணக்கம். விளக்கம் நன்று, முடிவில் எனக்கு உடன்பாடில்லை. ‘எண்ணெய்’ என்பது எள்ளின் நெய். ஆயினும் தேங்காய் எண்ணெய் என்கிறோம், எவரும் குழம்புவதில்லை. ‘ஒலிபெருக்கி’யும் அவ்வாறு தன் வேரை விட்டு நகர்ந்த சொல்லே, மேடையில் மைக், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்த அமைப்புக்கே அப்பெயர் வழங்குவதுண்டு. பழகிய சொல்லை ஒரு கையேட்டுக்காகப் பெயர்ப்பதைவிட, ஆம்ப்ளிஃபையரை ‘மிகைப்பி’ என்று குறித்துவிட்டால் மயக்கம் நீங்கும். மேலும், கணினித் துறையில் ‘வழங்கி’ என்பது சர்வர். ‘ஒலிவழங்கி’ என்றால் இணையத்தில் பாட்டு அனுப்பும் கணினி என்று சிலர் கொள்வர்.

எர்த் பற்றித் தாங்கள் எழுதியது சரி. ஆனால் ‘இணைப்பு’ என்பது செயலையும் குறிக்கும், இடத்தையும் குறிக்கும். கம்பி சென்று முடியும் இடத்தைத்தான் கையேடு சுட்ட வேண்டும். நேர்முனை, எதிர்முனை என்ற வரிசையில் ‘உடல்முனை’ என்றால் பொருந்தும். எந்த மின்முனை உடலோடு சேர்ந்திருந்தாலும் அச்சொல் மாறாது. வண்ணம் சுரண்டிய வெற்று உலோகத்தில்தான் உடல்முனையை அமைக்க வேண்டும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். துருவின் மேல் முடுக்கிய முனையால் வரும் இரைச்சலுக்கு ஸ்பீக்கரைக் குறை கூறுவோர் பலர்.

—

மறுமொழி

வணக்கம், ஐயா. ‘உடல்முனை’யை நன்றியோடு ஏற்கிறேன், என் சொல்லைவிட அது திருத்தமானது. ‘மிகைப்பி’யையும் ஏற்கிறேன்.

‘எண்ணெய்’ உவமை மட்டும் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை என்று கருதுகிறேன். தேங்காய் எண்ணெயை வாங்குபவர் அதில் எள் இருக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. ‘ஒலிபெருக்கி’யை வாங்குபவரோ ஒலி பெருகும் என்று எதிர்பார்க்கிறார். ‘பெருக்கு’ இன்னும் நம் வாயில் உயிரோடு இருக்கும் வினை. வேர் மறந்துபோகும் வரை அச்சொல் தவறான உறுதி தந்துகொண்டே இருக்கும். சர்வரோடு மயங்கும் என்பது உண்மையான தடையே. எனினும் கதவுக்குள் திருகாணியிட்டுப் பொருத்துவதைச் சர்வர் என்று எவரும் கொள்ளமாட்டார் என்பதால், இக்கையேட்டில் ‘ஒலிவழங்கி’ என்றே எழுதி, ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதலில் வருமிடத்தில் ‘ஸ்பீக்கர்’ என்றும் சேர்த்துக் குறிப்பேன். பொதுப் பட்டியலில் ‘ஒலிபெருக்கி’ தொடர்வதற்கு எனக்கு மறுப்பில்லை.

எஞ்சியிருப்பது உயரொலிக்கும் தாழொலிக்கும் தனித்தனியாக அமையும் ட்வீட்டரும் ஊஃபரும். தமிழிசையின் மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று நிலைகளை எடுத்தாள ஆசைப்பட்டேன். ஆனால் நெஞ்சை அதிரவைக்கும் ஊஃபரை ‘மெலிவு’ என்றால் இன்றைய வாசகர் வலுவற்றது என்று கொள்வார். ‘கீச்சி’, ‘முழக்கி’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இவ்விரண்டுக்கும் அலைகளைப் பகுத்து அனுப்பும் கிராஸ்ஓவருக்கு ‘அலைபகுப்பி’ போதுமா, அல்லது ‘அலைவெண்’ (ஃப்ரீக்வென்சி) என்பது பெயரில் வந்தே ஆக வேண்டுமா என்பதை மின்னணுத் துறையில் உள்ளவர்கள் சொன்னால், அந்த அத்தியாயத்தின் படங்களுக்குப் பெயரிட்டுவிடுவேன்.