ஒற்றைக்கொம்பு விலங்கின் மூலம்: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

வடகடல் பயணி:
கோப்பன்ஹேகனில் ரோசன்போர்க் மாளிகையிலுள்ள டென்மார்க் அரசர்களின் அரியணை இன்னும் என் மனத்தை அரிக்கிறது. மூன்று வெள்ளிச் சிங்கங்கள் காவல் நிற்க, ஐரோப்பியக் கதைகளில் வரும் ஒற்றைக்கொம்புக் குதிரையின் (யூனிகார்ன்) கொம்பு என்று போற்றப்பட்ட தண்டுகளால் ஆனது அது. கயிறாக முறுக்கி, இடப்பக்கமாகவே சுற்றி ஏறும் வரிகளின் பள்ளங்களில் கறுப்பு படிந்திருந்தது. அவை நார்வால் திமிங்கிலத்தின் பற்கள் என்று அதே நகரத்து அறிஞர் ஓலே வோர்ம் 1638இல் விளக்கிவிட்டார். அரியணை வேலை தொடங்கியதோ 1662இல். தெரிந்துமா செய்தார்கள்?

புல்வெளி:
பல்லைக் கொம்பென்று விற்றது வணிகம். கதை பிறந்த இடம் வேறு. பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் க்டீசியாஸ், இந்தியாவில் ஒற்றைக்கொம்புள்ள காட்டுக் கழுதைகள் உண்டென்றும், அக்கொம்பில் செய்த கிண்ணத்தில் பருகுவோரை நஞ்சு அண்டாதென்றும் கி.மு. 400ஐ ஒட்டி எழுதினார். அது நம் காண்டாமிருகம்தான் என்பேன். அசாமின் காசிரங்காவில் எங்கள் ஜீப்புக்கு முன் யானைப்புல்லை விலக்கிக்கொண்டு காண்டாமிருகம் வந்து நின்றபோது, அதன் தோள் மடிப்புகளில் காய்ந்த சேறு வெடித்து உதிர்ந்ததைப் பார்த்தேன். சுமாத்திராவில் இதே குலத்து விலங்கைக் கண்ட மார்க்கோ போலோ அதன் அவலட்சணத்தை எழுதிவைத்ததில் வியப்பில்லை.

பாலைவாசி:
புல்வெளி அவர்கள் பொறுத்தருள வேண்டும். க்டீசியாஸ் சொன்ன விலங்கின் உடல் வெள்ளை. காண்டாமிருகம் எங்கே வெள்ளை? துபாயில் அல் குத்ரா ஏரிப் பக்கம் அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மறிமான் ஒன்று பக்கவாட்டில் நின்றது. எனக்குத் தெரிந்தது ஒரே கொம்பு. தலையைத் திருப்பியதும் இரண்டாயிற்று. அரிஸ்டாட்டிலும் ஓரிக்சை ஒற்றைக்கொம்பு விலங்கு என்றே எழுதியிருக்கிறார். பார்க்க விரும்புவோர் கோடையைத் தவிர்த்து, நவம்பர் முதல் மார்ச்சுக்குள், விடியலிலோ வெயில் தாழ்ந்த பிறகோ செல்லுங்கள். தொலைநோக்கி கட்டாயம் வேண்டும். கொம்பு ஈட்டி முனைக்குச் சளைத்ததன்று என்பதால், வண்டியை விட்டு இறங்கிப் படமெடுக்க நெருங்க வேண்டாம். ரொட்டி எதுவும் போடாதீர்கள். 1972இல் காட்டிலிருந்து அடியோடு அழிந்து, 1982இல் ஓமானில் மீண்டும் விடப்பட்ட இனம் இது. மணலில் சக்கரம் புதைந்தால் டயர்க் காற்றைக் குறைத்துப் பாருங்கள்.

புல்வெளி:
நிறத்தைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தை விட்டுவிட்டீர்கள். க்டீசியாஸ் இந்தியாவுக்கு வந்தவரல்லர். கேள்விப்பட்டதைத்தான் எழுதினார், அதில் நிறம் மாறியிருக்கலாம். ஆனால் ஓரிக்சின் மெல்லிய கொம்பில் யாரும் கிண்ணம் கடைய முடியாது. காண்டாமிருகக் கொம்பில் கடைந்த கிண்ணங்களோ ஆசியாவில் நஞ்சுமுறிப்புக்கென்றே மதிக்கப்பட்டவை. ஒரே விலங்குதான் என்று ஏன் முடிவுகட்ட வேண்டும்? கிண்ணம் இங்கிருந்தும் வெள்ளை உடல் உங்கள் பாலையிலிருந்தும் போயிருக்கலாம்.