படிப்பும் பிழைப்பும்: உங்கள் கல்லூரி நாட்கள் எப்படி ஓடுகின்றன?

வேதியியல், மூன்றாம் ஆண்டு

என் அறைத்தோழி செமஸ்டர் தொடக்கத்தில் ஓர் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினாள். காலை ஐந்து மணியிலிருந்து இரவு பதினொன்று வரை கட்டம் கட்டமாகப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். "இதுல எப்ப குளிப்ப?" என்று கேட்டேன். முறைத்தாள். துணி துவைக்க, அறையைக் கூட்ட, வீட்டுக்குப் போன் பேச, நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க என்று எதற்கும் அதில் இடமில்லை. கட்டம் இல்லை என்பதற்காக அந்த வேலைகள் காத்திருக்குமா? எல்லாம் படிப்புக்கு ஒதுக்கிய நேரத்தில்தான் கை வைத்தன. வாளியில் ஊறிய துணி நாற்றமெடுத்த பிறகு, அட்டவணையை அவளே கிழித்துவிட்டாள்.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து தலைகீழாக எழுதினோம். தூக்கம், துணி, சமையல், போன் எல்லாம் முதலில். மிச்சம் இருந்ததில் படிப்பு. அந்த மிச்சம் பார்க்கவே பரிதாபமாக இருந்தது, ஆனால் அதுதான் உண்மையான கணக்கு. குறைவு என்று தெரிந்ததும் எதை விடுவது என்று பேச முடிந்தது.

இன்னொரு விஷயம், லேப் ரெக்கார்டு. டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் செறிவை அளக்கும் சோதனை) செய்த அன்று மாலையே உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடிகிறது. ஒரு வாரம் தள்ளினால், ரஃப் நோட்டில் கிறுக்கியிருக்கும் பியூரெட் குழாயின் அளவு 23.4-ஆ 28.4-ஆ என்பதிலேயே அரை மணி நேரம் போகும். அமிலத்தின் செறிவைக் கேட்டு இன்னொருத்தியைத் தேட வேண்டும், அவள் வேறொருத்தியைக் கைகாட்டுவாள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-இல் எழுதினார். பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே கரைந்துவிடும், அதற்குப் பிறகு இழப்பு மெதுவாகும் என்பது அவர் கண்டது. ரெக்கார்டு எழுதுகிறவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை!

வணிகவியல், இரண்டாம் ஆண்டு

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு அட்டவணை சரி. எனக்கு மாலையில் கடை வேலை. ஷிப்ட் வாராவாரம் மாறும், சில சமயம் முதல் நாள் இரவுதான் மெசேஜ் வரும். கல்லூரியிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு சின்னப் பழக்கம். கணக்கைப் பாதியில் விட்டு எழுந்திருக்கும்போது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வைப்பேன். "தேய்மானம் போட்டாச்சு, இனி இருப்புநிலைக் குறிப்பு" என்கிற மாதிரி. இல்லையென்றால் பில் போடும்போதும் அந்தக் கணக்கு மண்டைக்குள்ளேயே ஓடும், சில்லறை மாறிப்போகும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுவதை சோஃபி லெராய் என்ற மேலாண்மை ஆய்வாளர் 2009-இல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார். வகுப்பில் மேலாண்மைப் பாடத்தில் அதைக் கேட்டபோது, அட நம்ம கதை என்று தோன்றியது.

பஸ்ஸில் புத்தகம் படிக்க முயல்வதில்லை, தலை சுற்றும். கண்ணை மூடிக்கொண்டு காலை வகுப்பில் நடந்ததை எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். எங்கே திக்குகிறதோ அதை மட்டும் வீட்டில் திறந்து பார்ப்பேன்.

உளவியல், முதுகலை

ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு அத்தியாயத்துக்கு இரண்டு வாரம் போதும் என்று எழுதிக்கொண்டு போனேன். என் கைடு சிரித்துவிட்டு, 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படிக்கச் சொன்னார். பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் செய்தது. ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். சராசரிக் கணிப்பு சுமார் 34 நாட்கள், உண்மையில் ஆனது சுமார் 55. இதில் வேடிக்கை, எல்லாமே சொதப்பினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னதே சுமார் 49 நாட்கள்தான். அந்த மோசமான கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது.

கைடு சொன்ன வழி எளிமையானது. "எவ்வளவு ஆகும்னு யோசிக்காதீங்க, போன தடவை எவ்வளவு ஆச்சுன்னு பாருங்க." இப்போது எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பார்க்கிறேன், சமையலுக்கும்கூட. வெட்டுவது, கிண்டுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்த்து.

கணினி அறிவியல், இறுதியாண்டு

மேலே சொன்னதெல்லாம் நேரம் நம் கையில் இருப்பவர்களுக்கு. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த செமஸ்டரில் எந்த அட்டவணையும் எனக்கு ஒத்துவரவில்லை. மருத்துவமனை வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு புரோகிராம் கோடு எழுதிய நாட்கள் உண்டு. டோக்கன் எண் கூப்பிட்டதும் அப்படியே மூடிவிட்டு ஓட வேண்டும்.

பேராசிரியரிடம் சொல்லக் கூச்சம். நண்பன்தான் பிடித்துத் தள்ளினான். அசைன்மென்ட் கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது போய் நின்றேன்.

"எவ்வளவு முடிச்சிருக்க?"

"பாதி, சார்."

"சரி, அந்தப் பாதியை இப்ப அனுப்பிடு. மீதிக்கு அடுத்த திங்கள் வரைக்கும் டைம். நாளைக்கு வந்திருந்தா, டைம் கேட்டவங்க பட்டியல் ஆபீஸுக்குப் போயிருக்கும், என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எல்லா ஆசிரியரும் இப்படி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். அதே செமஸ்டரில் இன்னொருவர் அட்டென்டன்ஸ் குறைந்ததைத் தவிர வேறெதையும் காதில் வாங்கவில்லை.

வேதியியல், மூன்றாம் ஆண்டு

அம்மா இப்போது நலமா? கோடு எழுதுவதை மாலைக்கு மாற்ற முடிந்ததா, இல்லை காபி குடித்துக்கொண்டு நடுராத்திரி வரை எழுதுகிறீர்களா? மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியில் இருக்கும் கஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். என் அறைத்தோழிக்கு மட்டும் காபி குடித்தால்தான் தூக்கமே வருகிறது, அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.