இரண்டு வேறு ஆம்ப், ஒரே ஸ்பீக்கர்: சரிவருமா?

சோமனூர்க்காரன்:
வணக்கமுங்க. என் ஸ்பீக்கருக்குப் பின்னால் நான்கு முனைகள். கீழ் ஜோடிக்கு, அதாவது தாழ்ந்த ஒலி தரும் ஊஃபருக்கு, பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). மேலே கீச்சொலி தரும் ட்வீட்டருக்கு மாமா கொடுத்த வால்வு ஆம்ப். இப்படிக் கொடுக்கலாமுங்களா? தறி நிற்கும் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பாட்டு; அன்றைக்கு எதுவும் புகைந்துவிடக் கூடாது.

கோபி வானொலி:
தாராளமா கொடுக்கலாமுங்க. முதலில் மேல், கீழ் முனைகளை இணைக்கும் உலோகப் பட்டைகளைக் கழற்றுங்கள். நான் ஒருமுறை ஒரு பக்கம் மறந்துவிட்டேன். இரண்டு ஆம்பும் ஒன்றோடொன்று முட்டி அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டது. அன்றைக்கு வீட்டில் வாங்கிய பேச்சு தனிக் கதை. அப்புறம் கெயின், அதாவது ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. ஒன்று 26 டெசிபல், மற்றது 29 என்றால் அந்த 3 டெசிபலில் ட்வீட்டர் கத்தும், இல்லை பேஸ் ஊதும். ஒரே பிரீஆம்பிலிருந்து (ஆம்புக்கு முன்னால் வைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) இரண்டுக்கும் சிக்னல் கொடுத்து, கெயின் கூடியதைக் குறைத்துச் சமப்படுத்துங்கள்.

பொள்ளாச்சி பேஸ்:
சில ஆம்ப் ஃபேஸை, அதாவது சிக்னலின் பிளஸ், மைனஸை, தலைகீழாகத் திருப்பிவிடும். குரல் மெலிந்து கேட்டால் ட்வீட்டர் பக்கம் மட்டும் பிளஸ், மைனஸை மாற்றிப் பாருங்கள். தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைப் பிரிக்கும் கிராஸ்ஓவர் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் பெரிய அதிசயமெல்லாம் நடக்காதுங்க.

சோமனூர்க்காரன்:
பட்டையைக் கழற்றிவிட்டேனுங்க, இரண்டு பக்கமும்.