பொருள்: கார் ஆயில்களுக்கு ஒரு பொதுச்சொல் (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். பழைய கார் வாங்குவோருக்கான கையேடு நாளை காலை அச்சுக்குப் போகிறது. முந்தைய உரிமையாளர் எதை எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால் எஞ்சின் ஆயில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றச் சொல்கிறது முதல் அத்தியாயம். பொதுத்தலைப்பாக ‘எண்ணெய்கள்’ போதுமா?

இயந்திரவியல் ஆசிரியர்:
போதாது அம்மா, ஆபத்தும்கூட. பிரேக்கில் ஊற்றுவதை ஊரே ஆயில் என்கிறது; ஆனால் அதன் தர வகைகளான டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் என்ற வேதிப்பொருள் வகை, எண்ணெயே அல்ல. ‘பிரேக் எண்ணெய்’ என்று படித்தவர் மிச்சமிருக்கும் எஞ்சின் எண்ணெயை அதில் விட்டால் ரப்பர் அடைப்புகள் ஊதிக் கெட்டுவிடும். பாடநூலில் ‘பாய்மம்’ இருக்கிறதே?

தமிழாசிரியர்:
பாய்மம் வளிமத்தையும் சேர்த்துக்கொள்ளும். ஏசி வாயுவும் உள்ளே வந்துவிடும். ‘நீர்மம்’ என்க. கூலண்டுக்குக் ‘குளிர்நீர்மம்’ வேண்டா. ‘குளிர்’ தன்வினை, அது தானே குளிர்ந்து கிடப்பதாகப் பொருள்படும். பிறவினையிலிருந்து ‘குளிர்த்தி’ என்று ஆக்கலாம்.

இயந்திரவியல் ஆசிரியர்:
நீர்மம் என்றால் நீர்தானே என்று ஊற்றிவிடுவார்கள் ஐயா. பிரேக்குக்கு நீர்தான் பகை. டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசில் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் அந்த வரம்பு 155தான்.

தமிழாசிரியர்:
இளநீர், கண்ணீர், சிறுநீர் எல்லாம் வெறும் நீரா? குருதியைச் செந்நீர் என்றோம். நெய்த்தோர் என்றும் சொன்னோம். நீருக்கும் நெய்க்கும் அந்நாளிலேயே உறவு உண்டு. எள்ளின் நெய்தான் எண்ணெய் என்பதை மறந்து மண்ணெண்ணெய் வரை வந்தவர்கள் நீர்மத்துக்கா அஞ்சுவது? தவிர, உங்கள் கூலண்டிலேயே பாதி நீர்.

இயந்திரவியல் ஆசிரியர்:
பாதி, அதுவும் காய்ச்சி வடித்த நீர். கலந்தே வரும் கூலண்டில் அதையும் சேர்க்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்கவும் கூடாது; பச்சை, சிவப்பு எல்லாம் தயாரிப்பாளர் போடும் சாயம். வண்டியின் கையேட்டில் உள்ள தரக்குறியீடுதான் கணக்கு.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, ‘குளிர்த்தி’ என்று எந்த டப்பாவில் எழுதியிருக்கிறது? நேரமில்லை. தலைப்பு ‘திரவங்கள்’, உள்ளே எஞ்சின் ஆயில், கூலண்ட், பிரேக் திரவம். ஆட்சேபம் உண்டா?

மற்றோர் உறுப்பினர்:
சரி. தூங்கப் போகிறேன்.

இயந்திரவியல் ஆசிரியர்:
சம்மதம். டாட் 5 சிலிகோன், டாட் 5.1 கிளைகால், இரண்டையும் கலக்கக் கூடாது என்ற வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அச்சில் 5.1-இன் தசமப் புள்ளி விடுபட்டுவிடாமலும் பாருங்கள்.

தமிழாசிரியர்:
திரவம் வடசொல், என் மறுப்பு பதிவாகட்டும். தசமமும் வடசொல்லே. ‘பதின்மப் புள்ளி’ எனல் வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.